அடிக்கு ஒரு நூல்

உருகிய இரும்பு மணல் அச்சுக்குள் இறங்கிக் குளிரும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல் என்பது கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பம்புசெட்டின் உடம்பு ஓரடி வேண்டுமென்றால், மணலில் பதித்தெடுக்கிற மர உருவம் ஓரடி ஒரு நூல் இருந்தாக வேண்டும். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் அந்த மர உருவத்தைப் பேட்டர்ன் என்பார்கள், செய்கிறவரைப் பேட்டர்ன் ஆசாரி என்பார்கள். பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரியில் அப்பா பேட்டர்ன் ஆசாரியாக இருந்தார்.

ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று இந்தக் கணக்குக்கென்றே ஓர் அளவுகோல் உண்டு. கன்ட்ராக்‌ஷன் ஸ்கேல். அதில் ஓரடி என்று குறித்திருப்பது நிஜமான ஓரடியைவிட ஒரு நூல் நீளம். அப்பாவிடம் சொந்தமாக ஒன்று இருந்தது, எஃகில் செய்தது. கூடத்துச் சுவரில் தனி ஆணியில் தொங்கும். எங்கள் பள்ளிக்கூட ஸ்கேலை அதோடு சேர்த்துப் பிடித்தால் முதல் அங்குலத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பன்னிரண்டாவது கோட்டுக்கு வரும்போது இரண்டும் கண்ணெதிரே விலகி நிற்கும். ஜியாமெட்ரிக்கு அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்த ஊரும் அந்தக் காலமும் அப்படி. பைக்காராவிலிருந்து மின்சாரம் 1930களில் இறங்கி வந்தபின் மில்லும் மோட்டாரும் பம்புசெட்டுமாகப் பெருத்த ஊர் கோயம்புத்தூர். 1937இலேயே டி.பாலசுந்தரம் நாயுடு இங்கே மோட்டார் செய்து காட்டியிருந்தார். நான் விவரம் தெரிந்து பார்த்த அறுபதுகளில், பீளமேடு, கணபதி பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் டர்னர், மோல்டர், ஃபிட்டர் என்று வரைபடம் படிக்கத் தெரிந்த ஓர் ஆளாவது இருப்பார். பகலில் கம்பெனிக்காகப் படித்த கண்ணை அவர்கள் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் அது கட்டிலாகவும் நாற்காலியாகவும் அடுக்களை அலமாரியாகவும் ஆயிற்று.

அப்பா எட்டாவதோடு நிறுத்தியவர். இங்கிலீஷில் வாக்கியம் படிக்கமாட்டார், அளவு படிப்பார். மேலிருந்து பார்த்தது, முன்னாலிருந்து பார்த்தது, பக்கவாட்டில் பார்த்தது என்று காகிதத்தில் மூன்று படம் இருந்தால் போதும், சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் இல்லாத பின்பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "பின்சட்டம் ரெண்டு நூல் வெளிய தள்ளுது பாரு கண்ணு" என்பார். எனக்கு அங்கே வெறும் கோடுதான் தெரியும்.

பவுண்டரிக்கு வரும் வரைபடங்கள் அந்தக் காலத்தில் அம்மோனியா பிரிண்டுகள். வேலை முடிந்து கழித்துப்போட்ட பழைய தாள்களைக் கேட்டு வாங்கிவந்து, அவற்றின் வெள்ளைப் பின்பக்கத்தில்தான் அப்பா வீட்டுச் சாமான்களை வரைவார். சுருட்டிப் பரணில் செருகியிருக்கும் அந்தத் தாள்களை எடுத்துப் பிரித்தால் அம்மோனியா நெடி லேசாக மூக்கில் ஏறும். 1956இல் மெட்ரிக் சட்டம் வந்து, அறுபதுகளில் கம்பெனி வரைபடமெல்லாம் மில்லிமீட்டருக்கு மாறியபோது அப்பாவும் மாறிக்கொண்டார். வீட்டுக்கு வரைவது மட்டும் கடைசிவரை அடி, அங்குலம், நூல்தான். ஒரு பக்கம் மில்லிமீட்டரில் யாரோ வரைந்த பம்பு, மறு பக்கம் அங்குலத்தில் அம்மாவின் அலமாரி.

பேட்டர்ன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தை வெட்டும் முன் ஒரு பலகையில் சாமானை முழு அளவில் வரைந்துகொள்வார்கள். சிறிய தாளில் கண்ணுக்குத் தப்பிவிடுகிற தப்பு முழு அளவில் தப்பாது. வீட்டில் அவ்வளவு பெரிய பலகைக்கு எங்கே போவது? கூடத்தின் சிவப்பு சிமெண்ட் தரையே பலகை. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு இலையெடுத்துத் தரையைத் துடைத்து உலர்ந்தபின் அப்பா மண்டியிட்டு உட்காருவார். நீளக் கோடுகளுக்குச் சுண்ணாம்புப் பொடி பூசிய கயிற்றை ஒரு முனையில் நான் பிடிக்க வேண்டும், மறு முனையில் அக்கா. நடுவில் அப்பா கயிற்றைத் தூக்கிச் சுண்டுவார். பட்டென்று ஒரு வெள்ளைக் கோடு. மூலைமட்டத்தை வைத்துக் குறுக்குக் கோடுகள். அரை மணியில் தரையில் ஒரு மேசை படுத்திருக்கும். அன்றைக்கு அம்மா அடுக்களைக்குப் போக வேண்டுமானால் கூடத்தில் கால் வைக்காமல் பின்வாசலைச் சுற்றிப் போவாள். எங்கள் பாய் திண்ணைக்குப் போய்விடும்.

அடுக்களை அலமாரியை மட்டும் சுவரில் வரைந்தார். வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால். அம்மாவை எதிரே நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லி விரல் நுனி படுமிடத்தில் ஒரு கோடு கிழித்தார். அதற்குக் கீழேதான் மேல்தட்டு. "அதுக்கு மேல எட்டாதுங்க, ஆனா அப்பளக் கூடை வெக்க ஒரு எடம் வேணுமுங்க" என்றாள். எட்டாத இடத்தில் ஒரு தட்டு, தினமும் வேண்டாத சாமானுக்கு. உப்பு ஜாடி, புளிப்பானை, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். தட்டுகளுக்கு நடுவே சம இடைவெளி கிடையாது. ஒவ்வொரு தட்டும் அதில் உட்காரப்போகிற சாமானின் உயரம், அதோடு கை நுழைய நான்கு விரல். வெளியார் பார்த்தால் ஏதோ கோணலாகச் செய்த அலமாரி என்று தோன்றும். அம்மா இருட்டில் எரியும் அடுப்பு வெளிச்சத்தில் பார்க்காமலேயே கடுகு டப்பாவை எடுப்பாள்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தேக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும் பெட்டிகளை உடைத்துக் கம்பெனியில் ஏலம் விடுவார்கள். வெளிர்மஞ்சள் பைன் பலகை, பிசின் மணம் வீசும், இழைப்புளி ஓட்டினால் நீளநீளமாகச் சுருள் வரும். அலமாரியின் பின்பலகையெல்லாம் அதுதான். சில பலகைகளில் கறுப்பு மையில் அச்சடித்த அந்நிய எழுத்துகள் அப்படியே இருக்கும். அப்பா அவற்றை இழைத்துத் தள்ளாமல் உள்பக்கமாகத் திருப்பிப் பொருத்திவிடுவார். அலமாரிக்குள் தலையை விட்டால் ஏதோ ஒரு துறைமுகத்தின் பெயர் தலைகீழாகத் தெரியும். கால்களுக்கும் சட்டங்களுக்கும் வேம்பு. தாத்தா ஊர் காட்டில் விழுந்த மரத்தை அறுத்துக் கொண்டுவந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் வருஷக்கணக்கில் உலர விட்டிருந்தார். வேம்பில் பூச்சி சீக்கிரம் ஏறாது. நல்ல தேக்கு வேண்டுமென்றால் இடிக்கிற பழைய வீடு எங்காவது அகப்பட வேண்டும். பழைய உத்திரத்தை வாங்கிவந்தால் முதல் வேலை ஆணி தேடுவது. உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், உளி வாய் போய்விடும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மரத்தைத் தடவிக்கொண்டே போவார், திடீரென்று நிறுத்தி "இங்க ஒண்ணு" என்பார்.

ஒரு லீவு நாளில் எங்களை காஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். 1902இல் தொடங்கியது அது. யானையின் எலும்புக்கூட்டைப் பார்க்க நாங்கள் ஓடினோம். அப்பா மர வகைகளைத் துண்டு துண்டாக அடுக்கியிருந்த இடத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொன்றின் ரேகையையும் பார்த்து, பெயர்ப் பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு, தானே பெயர் சொல்லிப் பார்த்தார். வேங்கை, வாகை, கருமருது, தோதகத்தி. வெளியே வரும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் கோயில் வாசலில்கூட அவ்வளவாகப் பார்த்ததில்லை.

அப்பத்தாவின் நாற்காலிக்கு வருகிறேன். வீட்டில் இருந்த எல்லாச் சாமான்களிலும் எனக்கு நெருக்கமானது அது.

கம்பெனியில் ஒரு ஃபோர்மனிடம் அட்டை போன பழைய அமெரிக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகைக்காரர்கள் 1909இல் தொடங்கி மூன்று பாகமாகப் போட்ட மிஷன் ஃபர்னிச்சர் புத்தகத்தின் முதல் பாகம். வீட்டிலேயே மரச்சாமான் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கானது. நேர்க்கோடு, தடித்த சட்டம், வெளியே தெரிகிற பொருத்து, பூ வேலைப்பாடு எதுவும் கிடையாது. அதன் தொடக்கத்தில் வருவது மோரிஸ் சேர். முதுகுச் சாய்வை முன்னே பின்னே தள்ளிவைத்துக்கொள்ளலாம், பின்னால் ஒரு தண்டு, அது உட்கார வெட்டுகள், இரண்டு பக்கமும் அகலமான கைப்பலகை. வில்லியம் மோரிஸின் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்ற நாற்காலியிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்கு அதில் பிடித்தது அந்தக் கைப்பலகை. அகலமாக, உறுதியாக, ஊன்றி எழுந்திருக்கத் தோதாக இருந்தது. அப்பத்தாவுக்கு அப்போது முழங்கால் வலி தொடங்கியிருந்தது.

அப்பத்தா அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தவர் அல்ல. "நாக்காலி நமக்கெதுக்குஞ் சாமி" என்றார். கட்டாயப்படுத்தி ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தால் சிறிது நேரத்தில் இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கிக்கொள்ள முயல்வார். இடம் போதாமல் இறங்கித் தரைக்கே போய்விடுவார். அப்பா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அமெரிக்காவில் வரைந்தவர் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற உடம்பை மனசில் வைத்து வரைந்திருந்தார். அப்பத்தா சம்மணம் போட்டு உட்காருகிற உடம்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்து முழுகி வந்த அப்பத்தாவைக் கூடத்துத் தரையில் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார் அப்பா. சுண்ணக்கட்டியை எடுத்து, ஒரு முழங்காலிலிருந்து தொடங்கி முன்னால் மடித்த பாதங்களைச் சுற்றிக்கொண்டு மறு முழங்கால் வரைக்கும் தரையில் கோடு இழுத்தார். சேலை மடிப்பை ஒதுக்கி ஒதுக்கிக் கோடு போனது. "என்னடா, கூசுது" என்று அப்பத்தா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு தெறித்தது. பிறகு தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். சிவப்புத் தரையில் ஒரு வெள்ளை வளைவு, நடுவில் கொஞ்சம் உள்வாங்கி, இரண்டு பக்கமும் புடைத்து. அகலமான இடத்தில் அளவுகோலை வைத்து அளந்தார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் சேர்த்தார். நாற்காலியின் உட்காருமிடம் அதுதான். இருபத்தேழு அங்குல அகலம், பதினோரு அங்குல உயரம். தரையிலிருந்து அதிகம் ஏறாமல், தரை அளவுக்குத் தாழாமல். முன்சட்டத்தின் விளிம்பைக் கூராக விடாமல் மழுக்கி உருட்டினார், பாதம் பதிகிற இடமாயிற்றே. மெத்தைக்குப் பதில் வேம்புப் பட்டிகள், நடுவில் காற்றுப் போக இடைவெளி. வலது கைப்பலகையை மட்டும் இன்னும் இரண்டு அங்குலம் அகலமாக்கினார். வெற்றிலைப் பெட்டியை வாங்கி அளந்துதான். பெட்டி நழுவாமல் இருக்க ஓரத்தில் மெல்லிய விளிம்பு.

ஆணி கிடையாது. காலில் துளை, சட்டத்தில் நாக்கு. துளையின் ஓரத்தை உளி செங்குத்தாக வெட்டிக்கொண்டு போவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொட்டாப்புளி விழும் சத்தம் மேலே இருக்கும்போது தட்டையாகவும், ஆழம் போகப்போகக் கனமாகவும் மாறும். நாக்கைச் செருகிப் பார்ப்பார். சுத்தியல் இல்லாமல் உள்ளங்கையால் தட்டினால் போக வேண்டும், ஆனால் தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. சரியாக வந்தபின் வஜ்ஜிரம். தண்ணீர் கொதிக்கிற தகரத்துக்குள் இன்னொரு தகரத்தை வைத்து அதில் உருக்கும் பசை. தோலிலிருந்து காய்ச்சியது என்பதால் அதன் நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பத்தா உத்தரவு. தன் நாற்காலிக்குத்தான் என்று தெரிந்தும் உத்தரவை மாற்றவில்லை. வேப்பமரத்தடியில் அடுப்பு. கடைசியில் துளையும் நாக்கும் சேர்ந்த இடத்தில் குறுக்காக ஒரு மூங்கில் ஆணி. உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டில் ஊறிய அவலரக்கைப் பஞ்சு உருண்டையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது அப்புறம் பல சாயங்காலங்களுக்கு நீண்டது. அது முடியும்வரை நாங்கள் யாரும் அதன் பக்கத்தில் தூசி கிளப்பி நடக்கக்கூடாது.

அப்பத்தா ஏறி உட்கார்ந்து, காலை மடக்கி, இரண்டு முழங்காலும் பலகைக்குள் அடங்குவதைக் குனிந்து பார்த்தார். அதன்பின் சாகும்வரை அதைவிட்டு வேறெங்கும் உட்காரவில்லை.

எங்கள் படிப்பு மேசையும் அந்த மாதிரிதான் வந்தது. அதே புத்தகத்தில் இருந்த ஒரு மேசை. அப்பா அதில் ஓர் இடத்தைத்தான் மாற்றினார், ஆனால் அந்த மாற்றத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பவுண்டரியில் இரும்பு சுருங்கும் என்று கூட்டி வைத்தவர், வீட்டில் பிள்ளைகள் வளரும் என்று கூட்டி வைத்தார். மேசைக் கால்களின் அடியில் சதுரமாகத் துளையிட்டு, அதில் நாக்கோடு வந்து உட்காரும் கட்டைகளை மூன்று உயரங்களில் செய்தார், காலுக்கு ஒன்றாக. பெஞ்சுக்கும் அதே ஏற்பாடு. கட்டைகளில் உளியால் கொத்தி எண் போட்டிருக்கும். விஜயதசமி அன்றைக்குக் காலையில் அக்காவைப் பெஞ்சில் உட்காரவைத்து, "முதுகு நேரா அம்மிணி" என்று சொல்லி, கையை மடக்கச் செய்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து நோட்டில் எழுதுவார். முதல் நாள் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்த உளியும் இழைப்புளியும் வரிசையாக இருக்கும், அவற்றில் முதலில் எடுப்பது அளவுகோல். போதுமென்றால் கட்டை அப்படியே இருக்கும். போதாதென்றால் அடுத்த எண். அக்காவுக்கு மூன்றாம் எண் தேவைப்படவேயில்லை, பத்தாவது படிக்கையில் வளர்த்தி நின்றுவிட்டது. மேசை எனக்கு வந்தபோது மறுபடி ஒன்றாம் எண்ணுக்கு இறங்கியது. நான் பியூசி சேர்ந்த வருஷம்தான் மூன்றாம் எண் கட்டைகள் முதன்முதலாகத் தரையைத் தொட்டன.

மரத்துக்கும் அவர் இடம் விட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் காற்று வீசுகிற ஊர் எங்களுடையது. பங்குனியில் உதடு வெடிக்கும், ஐப்பசியில் மழை. இரண்டடி அகலப் பலகை இந்த வருஷச் சுற்றுக்குள் ஒரு நூல், இரண்டு நூல் அகன்று சுருங்கும். நீளவாக்கில் அசையாது. இதை மறந்து மேல்பலகையை நான்கு பக்கமும் இறுக்கி ஆணி அடித்தால் பங்குனியில் நடுவில் வெடிக்கும். அப்பா சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் நுழைகிற சிறு மரத்துண்டுகளால் பலகையை அடியிலிருந்து பிடித்திருந்தார். பலகை தன்பாட்டுக்கு நகரும், விலகாது. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து அந்தத் துண்டுகளை விரலால் தள்ளிப் பார்ப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. ஐப்பசியில் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், பங்குனியில் மறு பக்கம்.

தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். "எங்க பையனுக்கும் ஒண்ணு அப்படி." அப்பாவுக்கு நேரம் கிடையாது, காசுக்குச் செய்யவும் இஷ்டமில்லை. வரைபடத்தைக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பழைய பிரிண்டின் பின்பக்கத்தில் நகல் எடுத்து, உயரம் குறிக்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டு. அங்கே அந்தப் பிள்ளையின் அளவை எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் ஆசாரி கையில் அது ஒவ்வொரு விதமாக வந்தது. ஒருவர் இழுப்பறை சேர்த்தார். தையல்காரர் வீட்டில் மெஷின் இறங்குமளவு பலகையில் ஒரு வெட்டு விட்டு, கீழே மிதிகட்டைக்கு வழி செய்துகொண்டார்கள். கடைசி வீட்டில் அதே மேசை இஸ்திரி மேசையாகிவிட்டது, நின்று தேய்க்கிற உயரத்துக்கு. தங்கள் வீட்டுக்குப் போனபின் அது தங்கள் மேசை என்று ஆட்கள் நினைப்பதில் அப்பாவுக்கு சந்தோஷம். மாற்றியதைக் கூட்டிப் போய்க் காட்டினால், குனிந்து பொருத்தைப் பார்த்துவிட்டு, நல்லதாக இருந்தால் தன் நோட்டில் குறித்துக்கொள்வார்.

1974இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் என்ஸோ மாரி என்ற வடிவமைப்பாளர் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று 19 மரச்சாமான்களின் வரைபடங்களை வெளியிட்டு, தபால் செலவு அனுப்புகிற எவருக்கும் கொடுத்தார் என்று வெகு பின்னால் படித்தேன். சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் போதும். உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், செய்தபின் படம் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு நாற்காலி எப்படி நிற்கிறது என்று கையால் தெரிந்துகொண்டவர் கடைச் சாமானையும் சரியாகப் பார்ப்பார் என்பது அவர் எண்ணம். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. மாரியின் சாமான்களில் ஆணி அடிப்பதை அப்பா ஒப்பியிருக்கமாட்டார். மற்றதெல்லாம் இருவருக்கும் ஒத்துப்போயிருக்கும்.

எழுபதுகளில் வஜ்ஜிரம் போய் பிளாஸ்டிக் டப்பாவில் ஃபெவிகால் வந்தது. அப்பத்தா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பிறகு பிளைவுட், பிறகு அட்டையும் மரத்தூளும் அழுத்திச் செய்த பலகை. பவுண்டரிகளில் அலுமினியப் பேட்டர்ன்கள் பெருகின, கம்ப்யூட்டரில் வரைந்ததை மெஷினே குடைந்தெடுக்கத் தொடங்கியது. அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் போய்ப் பல வருஷத்துக்குப் பின் வீட்டைக் கொடுத்தோம். வாங்கியவர்கள் இடிக்கப்போகிறார்கள் என்பதால் சாமான்களை எடுக்கப் போனபோது, அடுக்களை அலமாரியைச் சுவரிலிருந்து விலக்கினோம். பின்னால் அத்தனை வருஷமாகக் காற்றும் புகையும் படாத சுவர். அப்பா கரித்துண்டால் போட்ட கோடுகள் அழியாமல் இருந்தன. அவற்றுக்கு நடுவே, கொஞ்சம் கோணலாக, அம்மாவின் விரல் நுனி எட்டிய இடம். அக்கா அதன் எதிரே நின்று கையைத் தூக்கினாள். ஒரு விரற்கடை குறைந்தது. "அம்மா என்னைவிட உசரம்" என்றாள். எங்கள் இருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கடைசி வருஷங்களில் அம்மா மிகவும் கூனிப்போயிருந்தாள்.

எதையெல்லாம் இழந்தோம் என்று கேட்டால் மரத்தைச் சொல்லமாட்டேன். நல்ல தேக்குச் சாமான் இப்போதும் காசு கொடுத்தால் கிடைக்கும். எங்களை நிற்க வைத்து, உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, ஒரு வீடு அளந்துகொண்டே இருந்தது. அது இல்லாமல் போயிற்று. இப்போது நான் உட்கார்ந்து எழுதுகிற நாற்காலியைச் செய்தவர்களுக்கு யாருடைய முழங்கையும் தெரியாது. உயரம் மாற்ற ஒரு விசை இருக்கிறது, வசதிதான். ஆனால் விஜயதசமி காலையில் ஒருவர் மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, நம் முழங்கை எங்கே இருக்கிறது என்று அக்கறையாகப் பார்ப்பதை அந்த விசை செய்யாது. அப்பாவின் நோட்டில் தெருவில் பாதிப் பேரின் அளவு இருக்கிறது. அவர்களில் பலர் இப்போது இல்லை. வளர்த்தி நின்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டு முடித்திருக்கிறார்.

அப்பத்தாவின் நாற்காலி அக்கா வீட்டில் இருக்கிறது. அக்காவுக்கும் இப்போது முழங்கால். பதினோரு அங்குலத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தலாம் என்று பேசி, சிங்காநல்லூரிலிருந்து ஓர் ஆசாரியை அழைத்துவந்தேன். வந்தவர் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பொருத்துகளைப் பார்த்து, மூங்கில் ஆணியின் தலையை நகத்தால் கீறினார். "இத அசைக்கவே முடியாதுங்க" என்றார். பிறகு டேப்பை உருவி, "எத்தன ஏத்தோணுமுங்க, பதினெட்டுக்குக் கொண்டுவந்தறலாமுங்களா? கடையில எல்லாம் அதுதானுங்க" என்று கேட்டார். முதலில் அக்காவை அளக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். அக்கா சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சுவரோரம் நேராக நின்றாள். பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை பதினைந்தே கால். "அப்ப நாலேகால் ஏத்துனா செரியா வருங்க, பதினெட்டுன்னா காலு தொங்கும்" என்றார் அவரே. வேம்பு கைவசம் இல்லையாம், வேங்கை போடலாமா என்றார். நிறம் கொஞ்சம் மாறும். போடுங்கள் என்றேன். "அந்த வெத்தலப்பெட்டி விளிம்ப எடுத்துட்டா மூக்குக்கண்ணாடி வெக்க வசதியா இருக்கும்" என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.